கீழுதடு

மூன்றாம் முறைதான் கதவு திறந்தது.
முதல் இரண்டு முறையும்
"அப்படி ஒரு புள்ள இங்க இல்ல" என்ற குரலுக்குப் பின்னால்
ஒரு பிள்ளை இருமிக்கொண்டிருந்தது.

கிண்ணியாப் பாலத்தில்
கச்சான் காற்று ஸ்கூட்டியை ஓரத்துக்குத் தள்ளும்.
பையில் அனுமதிப் படிவம் ஐந்து,
மடக்கிய வெள்ளைப் பிரம்பு ஒன்று,
யாரோ தந்த முகவரி:
பள்ளிவாசலுக்குப் பின்னால், ஐஸ் கொம்பனிக்கு முன்னால்.
அதற்கு மேல் எவரும் சொல்ல விரும்பவில்லை.

சபூர்தீன் கடலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.
"எங்கட கண்ணுக்கு முன்னால இருக்கட்டும், டீச்சர்."
சொல்லி முடித்ததும்
அந்தக் கண் என்ற சொல்
மீன்முள் மாதிரி அவர் தொண்டையில் நின்றது.
நான் வேறு பக்கம் பார்த்தேன்.

திரைச்சீலை பேசியது:
"இவங்கட ஸ்கூட்டிக்குப் பின் பிரேக் தேஞ்சிட்டு வாப்பா.
முந்தி வந்த ரெண்டு நாளும் இதே சத்தம்தான்."

அவர் எழுந்து போய்க் குனிந்து பார்த்தார்.
திரும்பி வந்து மகளைப் பார்த்தார்,
ஒன்பது வருடத்தில் முதல் தடவை பார்ப்பவர்போல.
பிறகு பேனை கேட்டார்.

றிஃப்கா உவர்மலை விடுதிக்கு வந்த முதல் வாரம்
உம்மா நசீலாவும் கூட வந்து படுத்தாள்.
இரண்டாம் வாரம் தொலைபேசி.
மேட்ரனின் மேசையில், எல்லார் காதும் கேட்க,
பிள்ளை "ம்" என்று மட்டும் சொன்னாள்.
அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டு
ஒரு வீடு எத்தனை இரவு தூங்காமல் இருக்கலாமோ
அத்தனை இரவு இருந்தது.

பிறகுதான் கடைசிச் சனிக்கிழமைகள்.
வெருகல், திரியாய், கந்தளாய், சல்லி.
பஸ்ஸில் வாந்தி எடுத்தபடி, சோற்றுப் பார்சலோடு,
கைக்குழந்தையோடு, ஒரு தடவை ஆட்டுக்குட்டியோடும்
குடும்பங்கள் வரத் தொடங்கின.
சின்னக் கதிரைகளில் முழங்கால் இடிக்க இருந்து
புள்ளி எண்ணினார்கள்.
அ என்றால் ஒரே ஒரு புள்ளி.
ஆவுக்கு மூன்று.
அதெப்படி மூன்று என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

நசீலா கண்ணால் படித்துவிட்டாள்,
தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, நிழல் பார்த்து.
சபூர்தீன் மாட்டேன் என்றார்.
"புள்ள பாக்காம வாசிக்குது. நான் மட்டும் பாக்கிறதா?"
ஆனால் நைலோன் அறுத்து, உப்பு ஊறி,
ஆறுமுன் மறுபடி அறுத்த விரல்கள்.
அவற்றுக்கு ஒரு புள்ளியும் ஆறு புள்ளியும்
மணல்.

நாலு மாதம் மணல்.

ஐப்பசியில் கடல் பெருத்துப் படகெல்லாம் கரையேறியிருந்த சனிக்கிழமை
மகள் எழுதிய கடிதத்தை வாங்கினார்.
தூண்டில் நூலில் வெடிப்பிருக்கிறதா என்று
விரலை நம்பாதவன் செய்வதைச் செய்தார்:
கீழுதட்டில் வைத்து மெதுவாக இழுத்தார்.

யாரோ சிரித்தார்கள். வெருகல் தாய் ஒருத்தி
தலையைக் குனிந்துகொண்டாள்.
பயிற்சியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.
றிஃப்கா மட்டும் கதிரையின் கீழே காலாட்டிக்கொண்டிருந்தாள்,
பஸ் வரும் நேரம் தெரிந்தவள்போல.

"வா" என்றார்.
நெடுநேரம் கழித்து, "ப்பா."
மூக்கு நுனியில் வியர்வை.
நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன்:
வீட்டு நினைவு, உம்மாவின் கறி, ஒரு முத்தம்.
ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிடம்.
மின்விசிறி. காகம். யாருடையதோ விக்கல்.

"டீச்சர்... இன்னும்... பிரேக்... மாத்தல்ல."

அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது;
பார்வையில்லாத பிள்ளைகளும் முகத்தைத் திருப்பினார்கள்.

அவர் தாளைச் சட்டையில் துடைத்தார்.
ஓரம் நனைந்து கடைசி இரண்டு வரி படுத்துவிட்டிருந்தது.
"அடுத்த முறை தடிச்ச தாளில எழுதச் சொல்லுங்க," என்றார்.
"மிச்சத்த இனி இவள் வாயாலதான் கேக்கணும்."

கேட்கவில்லை. வெளியே போய்
என் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் குந்தினார்.