உயரப் பெட்டி

நீளம் குறைந்தாலும் பரவாயில்லை, உயரம் வேண்டும் என்றேன்.
அருள்தாஸ் காதிலிருந்த பென்சிலை எடுக்கவில்லை.
"பாம்புக்கா?"
பாம்புக்குத்தான். ஏறுகிற பாம்புக்கு.

முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு செல்போன் டவர்.
பதினோரு வருடம் ஏறியவன்
பன்னிரண்டாம் வருடம் இறங்கிய விதம்
கொஞ்சம் மாறிப்போனது.
இடுப்பில் இப்போது ஒரு கம்பி.
பல்பு மாற்றக்கூட ஸ்டூலில் நிற்கக்கூடாதென்று
தஞ்சாவூர் டாக்டர் எழுதியே கொடுத்தார்.
செங்கமலம் அதை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.

கூத்தாநல்லூர் மைதீன் பிச்சை
லவ் பேர்ட்ஸ் கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சொன்னான்:
"முதல் பாம்புன்னா தரைப் பாம்பு வாங்குண்ணே.
சுருண்டு கெடக்கும். வாரம் ஒரு எலி. தொந்தரவே இல்ல."
சுருண்டு கிடக்க நானே இருக்கிறேனே என்றேன்.

போனில் ஒன்று காட்டினான்.
ஈரத்துண்டை மடித்துக் கிளைமேல் போட்டாற்போல
ஒரு வெளிநாட்டுப் பச்சை.
விலை, மூன்று மா குறுவை மகசூல்.
"பேப்பர்?"
"வரும்ண்ணே."
வரும் என்ற சொல்லை
ஜூன் பன்னிரண்டு தோறும் கேட்டு வளர்ந்தவன் நான்.

அப்புறம் நம்மூர்க்காரர்கள்.
கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டு
சுடுகாட்டில் புகை வருகிறதா என்று
மரமேறிப் பார்க்குமாம்.
பொய். அதற்கு நஞ்சே கிடையாது.
ஆனாலும் நான் விழுந்த மத்தியானம்
எதிரே நின்ற ஒதியமரத்தில்
வெண்கல நிறத்தில் ஏதோ இருந்ததாக
எனக்கொரு நினைப்பு.

பூனைக்கண் பாம்பு ராத்திரி ஷிப்ட். ஒத்துவராது.
பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பார்கள்.
காற்றே இல்லாத வேளையிலும்
காற்றில் அசைகிற கொடிபோல் ஆடும்.
அந்த நடிப்பு எனக்குப் பிடித்திருந்தது.
கோடியக்கரையில் வாட்சராக இருக்கும் சகலை
போனிலேயே சிரித்தான்:
"நம்ம ஊர்ப் பாம்ப வீட்டுல வெச்சா
ஒன்னத் தூக்கி உள்ள வெச்சுருவாங்க.
பாக்குறதுக்கு மட்டும் கேஸ் இல்ல."

பெட்டி வந்தது. பழைய பலாக் கதவு,
முன்னால் கண்ணாடி, மேலே வலை.
கொய்யாக் கிளை ஒன்றை உள்ளே சாய்த்தேன்.
சலூனில் வாங்கிய ஸ்ப்ரே பாட்டிலால்
காலையும் மாலையும் இலைகளை நனைத்தேன்.
பழக வேண்டுமே.
நோட்டில் எழுதினேன்:
ஐப்பசி ஒன்பது. இருபத்தாறு டிகிரி. மழை. உள்ளே யாரும் இல்லை.
ஐப்பசி பத்து. அதே.
ஐப்பசி பதினான்கு. இலை உதிர்கிறது. ஒரு பல்லி குடிவந்திருக்கிறது.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு பகல்.
கொல்லையிலிருந்து செங்கமலம் கூப்பிட்டாள்,
வாயால் அல்ல, கையால்.
வேலி ஏறி முருங்கைக்குத் தாவியிருந்தது கோவைக்கொடி.
அதில் ஒரு கொடி மட்டும்
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சின்னதுல மூணு தடவ உருவியிருக்கேன்" என்றாள்.
"எதை?"
"இதத்தான். தலையிலேருந்து வால் வரைக்கும்.
உருவுன கைக்குச் சமையல் ருசிக்கும்னாங்க."
இருபது வருடமாக இவள் ரசத்தை
டம்ளரில் வாங்கிக் குடிக்கிறேன்.
ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"கடிக்கலயா?"
"ரெண்டாவது தடவ."
சொல்லிவிட்டுப் புடவையை இடுப்பில் செருகினாள்.

பச்சை நகர்ந்து முருங்கைக்குள் போயிருந்தது.
அவள் ஏணியை எடுத்து வந்தாள்.
மரத்தில் சாய்க்காதே, முருங்கை ஒடியும்,
சுவரில் சாய் என்றேன்.
ரெண்டு கால் ஒரு கை, இல்லை ரெண்டு கை ஒரு கால்,
எப்பவும் மூணு ஒட்டியிருக்கணும் என்றேன்.
"தெரியும், தெரியும்."

அடிப்படியில் கால் வைத்து அழுத்திப் பிடித்தேன்.
கீழே நிற்பவன் என்ன பார்ப்பான் என்று
அத்தனை வருடத்தில் யோசித்ததில்லை.
வெடித்த குதிகால். கணுக்காலில் சேறு.
அதற்கு மேலே வானம்.

சட்டைப்பையில் போன் அடித்தது.
மைதீன் பிச்சையாக இருக்கும்.
இரண்டு கையும் ஏணியில்.

"தெரியுதா?"

வெகுநேரம் பதில் இல்லை.
அப்புறம், மேலேயிருந்து, மிகவும் மெதுவாக:
"ஆட்டாதீங்க.
அதுவே ஆடிக்கிட்டிருக்கு."