தாங்கி இலக்கம் நாற்பத்தேழு

சீனக்குடாக் காட்டுக்குள்
தோளகல ஓட்டை ஒன்றின் வழியே
முதலில் நௌபர் நுழைவான்,
பிறகு கருவிப்பெட்டி, பிறகு நான்.
உள்ளே எண்ணெய் இல்லை. எண்ணெயின் மணம் மட்டும்
வெள்ளைக்காரன் விட்டுப்போன இடத்திலேயே
எண்பது வருடமாய்க் குந்தியிருக்கிறது.

எங்கள் வேலை சுவரின் தடிப்பை அளப்பது.
தகட்டில் களிம்பு பூசி முனையை வைத்தால்
காதுக்கு எட்டாத ஓர் ஒலி போய்
துருவின் மறுகரையைத் தொட்டுத் திரும்பும்.
ஆறு தசம் இரண்டு. எழுது.
ஐந்து தசம் ஒன்பது. எழுது.
நான்குக்குக் கீழே வந்தால் சிவப்புப் பேனை.

டெல்வின் அனுப்பிய ஒலிப்பதிவு
பதினொரு நாளாய்க் கைபேசியில் கிடந்தது.
வடக்கு ஜேர்மனியில், கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த ஓர் ஊர்.
மாடுகள், மதகுகள், செங்கல்லில் ஒரு கோயில்.
அதைக் கூட்டித் துடைத்துப் பூட்டுகிறவன் அவன்.
உள்ளே முந்நூற்று முப்பது வயசில் ஓர் ஓர்கன்.
வருடத்தில் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு
பழைய முறைப்படி துருத்தி மிதிக்க ஆள் தேடுவார்களாம்.
இம்முறை நான்தான் மச்சான், என்று எழுதியிருந்தான்.
வாசிப்பவரின் பெயர் நோட்டீஸில் உண்டு.
காற்றின் பெயர் இல்லை.

பஸ்ஸில் போட்டுக் கேட்டேன்.
உப்புவெளி தாண்டுமுன் நிறுத்திவிட்டேன்.
தகரப் பெட்டிக்குள் பூனைகள்.

இன்று மதியச் சோற்றுக்குப் பின்
நௌபர்தான் சொன்னான்: இங்க போடுங்களேன் சேர்,
இந்தச் சாமான் ஒருக்காத் தும்மினா
ஒம்பது தரம் தும்முது.
கவிழ்த்த வாளிக்குமேல் கைபேசியை வைத்தோம்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு தரையிலிருந்து
கணுக்கால் எலும்பு வழியாக ஏறியது.
ஒரு குரல் ஒரு சொல்லைத் தொடங்கிவைத்து நடக்க,
இன்னொன்று அதே சொல்லைச் சற்று மேலே பிடித்தபடி
பின்னால் வர, மூன்றாவது இடையில் நுழைய,
முதற்குரல் சொன்னதைச் சுவர் இன்னும் விட்டபாடில்லை.
நான்கு குரலுக்கென்று யாரோ எழுதியது.
தாங்கி ஐந்தாவதாய்ச் சேர்ந்துகொண்டது,
எப்போதும் பிந்தி, எப்போதும் பிழையாய்,
வெட்கமில்லாமல்.
துரு உதிர்ந்தது. வௌவால் ஒன்று
கூரையின் ஊசித்துளை வெளிச்சங்களை
அணைத்து அணைத்து ஏற்றிக்கொண்டு பறந்தது.

அங்கே குளிரில் வெள்ளீயத்துக்கு நோய் வருமாம்,
சாம்பலாய் உதிருமாம், முன்பொருமுறை சொன்னான்.
இங்கே உப்பு, என்றேன்.
இரும்பை உப்பு ஒருநாளும் அவசரப்படுத்துவதில்லை.

பிறகு இசைக்கு நடுவே ஒரு நிறுத்தம்.
எதிரொலி அடங்க அடங்க, அதன் அடியில்
வேறொரு சத்தம்.
நௌபர் ஓட்டையை எட்டிப் பார்த்தான்,
யாரோ படியேறி வருகிறார்களென்று.
யாருமில்லை.
நெடில், குறில். நெடில், குறில்.
எண்பத்தேழில் பாலையூற்றுச் சந்தியில்
இடக்கால் இரண்டங்குலம் குறைந்துபோனவன்
அங்கே பலகைமேல் ஏறி இறங்குகிறான்.
அவன் நொண்டலை வாங்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு
அந்தக் கிழட்டுத் துருத்தி
மேலே அனுப்பும் காற்றில்
ஒரு மேடு பள்ளம் இல்லை.
ஒரு இருமல். பிறகு
குழாய்கள் எல்லாம் ஒன்றாய்த் திறந்தன.

முடிந்ததும் வேலைக்குத் திரும்பினோம்.
இருபத்தாறாம் தகடு: மூன்று தசம் ஏழு.
சிவப்புப் பேனையைத் தேடியபடி நௌபர் சொன்னான்,
இந்தப் பக்கம்தான் சேர் நல்லாப் பாடினது.

வெளியே கச்சான் காற்று, வாயெல்லாம் மணல்.
டெல்வினுக்கு எழுதினேன்:
நல்லாய் மிதிச்சிருக்கிறாய். நடுவில் இருமினாய்.
மூன்று புள்ளிகள் தோன்றி மறைந்தன,
தோன்றி மறைந்தன.
கடைசியில் ஒரு வரி:
மைக் மேலேயல்லோ இருந்தது.