இரண்டு ஈயங்கள்

சாரெமா தீவில் பிப்ரவரி.
கடல் கெட்டித்துக் கிடக்கிறது, அதன்மேல் லாரி போகிறது.
அதுவும் தண்ணீர்தான்.
கோயிலுக்குள் மாரிகா விடும் மூச்சு
வாய் தாண்டியதும் வெளுக்கிறது.
அதுவும்.

மண்டியிட்டிருக்கிறாள், ஜெபத்துக்கு அல்ல.
ஆர்கனின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறாள்.
கூட்டுப்பண்ணை இந்தக் கூடத்தைத் தானியக் கிடங்காக்கிய பிறகு
முப்பது குளிர்காலம் இங்கே அடுப்பு மூட்டவில்லை.
முன்வரிசை வெள்ளீயக் குழல்கள்
கொப்புளம் கொப்புளமாய் வீங்கி
கையுறை பட்ட இடத்தில்
மாவாய்க் கொட்டுகின்றன, சாம்பல் நிறத்தில்.

"செத்துவிட்டதா?" என்கிறார் ஹெல்துர்.
மணியடிப்பவர், குழி தோண்டுபவர், சாவி வைத்திருப்பவர்.
அவள் பதில் சொல்லாமல்
அந்த மாவை ஊறுகாய்ப் புட்டியில் சேகரிக்கிறாள்.

அவர் வீட்டுச் சமையலறை.
இரும்புக் கரண்டியில் மாவு, கீழே பிர்ச் விறகு.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஓரத்தில் ஒரு கண் திறக்கிறது, பளபளவென்று.
கொஞ்சம் கசடாய்ப் போனது, போகட்டும்.
வார்த்து ஆறிய துண்டை
அவர் காதருகே பிடித்து வளைக்கிறாள்.
கிரீச்சென்று முனகுகிறது.
வெள்ளீயத்தைத் தவிர வேறெது வளைந்தால் இப்படி அழும்?

குளிர் தாங்காமல் உள்ளுக்குள் வேறு மாதிரி உட்கார்ந்துகொண்டது,
அவ்வளவுதான் என்கிறாள்.
யாரோடும் சேரவில்லை.
தன்னை விட்டு எங்கும் போகவில்லை.

ஹெல்துர் சிரிக்கிறார்.
புத்தாண்டு இரவில் ஈயம் உருக்கித் தண்ணீரில் ஊற்றிக்
குறி பார்க்கும் ஊர் அது.
"அப்படியானால் என்னுடையதையும் பார்."

சோளத்தையும் கோதுமையையும் கொட்ட ஆட்கள் வருவதற்கு முந்தைய இரவு
பன்னிரண்டு காரீயக் குழல்களைச்
சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.
அவரால் இழுக்க முடிந்தது அவ்வளவே.
மனைவியின் சீதனப் பெட்டியில், நல்ல ஓக் மரம்,
கம்பளி சுற்றிப் படுக்கவைத்தார்.
மூடினார். யாரிடமும் சொல்லவில்லை.
கதகதப்பான அறை.

மூடி திறந்ததும் அவள் மூக்குச் சுளிக்கிறாள்.
மெல்லிய புளிப்பு, வினிகர் போல.
கம்பளிக்குள் வெண்பொடி.
பெயரில் வெள்ளை உள்ளது சாம்பலாயிருந்தது,
பெயரில் கருமை உள்ளது
இங்கே வெளுத்துக் கிடக்கிறது.

அவர் உருளைக்கிழங்குத் தராசை எடுத்து வருகிறார்.
ஒரு குழலின் எடை அவருக்கு இன்றும் மனப்பாடம்.
முள் அதைத் தாண்டிப் போய் நிற்கிறது.
"கூடத்தான் இருக்கிறது! ஒன்றும் குறையவில்லையே!"

கூடியதுதான் இழப்பு என்று
எப்படிச் சொல்வது.

நிறம் என்ன, எத்தனை கனம், எந்தச் சூட்டில் இளகுவாய்?
கேட்டால் சொல்லும்,
சொன்ன பிறகும் தானாகவே இருக்கும்.
யாரோடு சேர்வாய், சேர்ந்தால் என்ன ஆவாய்?
இந்தக் கேள்விக்கு மட்டும்
அது வாயால் பதில் சொல்வதில்லை.
ஆகிக் காட்டுகிறது.
காட்டிய பிறகு கேட்டவர் முன்னால் அது இல்லை.

"இதை உருக்கேன்" என்கிறார்.
"இது ஈயமாக இருந்தால் உருக்கலாம்."
"யார் செய்தது?"
அவள் பெட்டியைப் பார்க்கிறாள்.
ஓக் மரம் ஆண்டாண்டாய் மூச்சுவிடும்,
மூடிய இடத்தில் அந்த மூச்சுக்குப் போக வழியில்லை.
கரியோடு சேர்த்துக் கொளுத்தினால் ஈயம் திரும்பும்தான்,
ஆனால் அது உருக்குவதல்ல;
பிடித்துக்கொண்டதை விடுவிக்க
இன்னொன்றைக் கொடுத்துப் பேரம் பேசுவது.
இதையெல்லாம் பட்டறை மொழியில் சொல்லி முடிக்கிறாள்.

ஹெல்துர் வெகுநேரம் தராசையே பார்க்கிறார்.
"குளிரில் விட்டுவிட்டு வந்தவை பிழைத்தன" என்கிறார்,
கணக்குச் சரிபார்ப்பவர் போல.

கடைசிக் குழலின் உதடு மட்டும் இன்னும் உலோகம்.
அவர் குனிய, "ஊதாதீர்கள், விஷம்" என்று
அவள் கையை நீட்டித் தடுக்கிறாள்.
ஊதவில்லை.

அன்றிரவு விளக்கணைக்கும் முன்
காலிப் பெட்டியின் மூடியைத் திறந்து
ஒரு விறகுக்கட்டையை முட்டுக் கொடுத்தார்.