எந்தப் பக்கம் விழுவீங்க

செக்காலை ரோட்டில் ஜமால்தீன் கடை.
"யாருக்கு வண்டி?" என்றார்.
எனக்கு என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.
அதனாலேயே கடை பிடித்துப்போனது.

மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார்.
ஒன்று இரும்புக் குழாயை வளைத்த கூண்டு,
கோழி அடைக்கலாம் போலிருந்தது.
"காப்பாத்தும். ஆனா சாயும்போது
காலை உள்ளே வச்சுப் பூட்டிரும்.
நாலஞ்சு கிலோ கூடும், வளைவுல தெரியும்."
இன்னொன்று கறுப்பு நைலான் குமிழ்,
உள்ளங்கைக்குள் அடங்கும்,
பக்கத்துக்கு ஒன்றாக எஞ்சின் போல்ட்டில் நிற்கும்.
விழுந்தால் அது தேயும், வண்டி வழுக்கிப் போகும்.
"கல்லுல தட்டுச்சுன்னா?"
"தட்டுச்சுன்னா குட்டிக்கரணம்."
மூன்றாவது வெறும் ஸ்டிக்கர்.
அவருக்கே சிரிப்பு வந்து
திரும்ப டப்பாவுக்குள் போட்டுவிட்டார்.

நான் ரத்தம் எடுக்கிறவள்.
காலை ஏழு மணியிலிருந்து ஆஸ்பத்திரி லேபில்
இடக்கையா வலக்கையா என்று கேட்பது என் வேலை.
இன்று கடைப் பையன் அடைக்கலம் என்னைக் கேட்கிறான்:
"அக்கா, நீங்க எந்தப் பக்கம் விழுவீங்க?"

யோசித்தேன்.
விழுந்ததெல்லாம் இடப்பக்கம், நின்ற இடத்தில்.
பள்ளத்தூரில் மழைக்கு மறுநாள்
செம்மண்ணுக்குள் ஸ்டாண்டு இறங்கி,
நான் டீ குடித்துக்கொண்டிருக்க
வண்டி தானாகப் படுத்துக்கொண்டது, மெதுவாக,
விருந்து சாப்பிட்டவன் மாதிரி.
நூற்றிருபதில் போனது ஒரே ஒரு முறை,
குன்றக்குடி தாண்டி. யாரிடமும் சொன்னதில்லை.
அந்த வேகத்தில் எனக்கு எந்தப் பக்கம்
என்று எப்படித் தெரியும்?

குமிழையே மாட்டச் சொன்னேன்.
இடப்பக்க போல்ட் சொன்னபடி கேட்டது.
வலப்பக்கத்தது வரவில்லை.
எண்ணெய் விட்டார், தட்டினார், திட்டினார்.
வெளியே வந்ததைக் கண்ணாடிமேல் உருட்டிக் காட்டினார்:
நொண்டியது.
அரிசி மணி அளவு வளைவு.
"விழுந்த வண்டிம்மா இது.
ஏற்கெனவே இங்க குமிழ் இருந்திருக்கு.
விக்கிறப்ப கழட்டிட்டான்."

வாசலில் நின்றே கூப்பிட்டேன்.
சா. முத்துவைரவன், தேவகோட்டை.
கீழே படாத வண்டி என்று
ஆர்.சி. மேல் கை வைத்துச் சொன்னவர்.
அந்தப் பக்கம் பேச்சே இல்லை,
மாவு கிரைண்டர் ஓடும் சத்தம் மட்டும்.
"ஆடு குறுக்க வந்துச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல.
வண்டிக்கும் கீறல் இல்ல,
அந்தக் குமிழுதான் தேஞ்சுச்சு. அதான் சொல்லல."
வேற யாரும்?
"பின்னால தம்பி.
ஹெல்மெட் ஒண்ணுதான் இருந்துச்சு."
கிரைண்டர் நின்றது.
"நல்லாத்தான் இருக்கான். வலது காது கேக்காது.
வீட்ல எல்லாரும் இடப்பக்கம் நின்னு பேசிக்கிறோம்."
ஆயிரம் ரூபாய் திருப்பித் தருகிறேன் என்றார்.
நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.
தம்பி பேர் கேட்டேன்.
"எதுக்கு?" என்றார். வைத்துவிட்டார்.

புது போல்ட், இரண்டு குமிழ்,
டார்க் ரெஞ்சு கடக் என்று சொல்லும்வரை முறுக்கினார்.
இரண்டாயிரத்து நானூறுக்குத்
தேய்மானம் வாங்கியிருக்கிறேன்.
பிறகு இன்னொரு ஹெல்மெட் விலை கேட்டேன்.
"பின்னால உக்கார்றது யாரு?"
யாருமில்லை என்றேன்.
நடு அளவாகப் பார்த்துக் கொடுங்கள் என்றேன்.

கிளம்பும்போது அடைக்கலம் ஓடிவந்தான்.
ஸ்டாண்டுக்கு அடியில் அவன் வைத்திருந்த
உடைந்த ஆத்தங்குடிக் கல் துண்டை
சட்டையில் துடைத்து நீட்டினான்,
பாதிப் பூவோடு.
"அக்கா, இதை பையில வச்சுக்கங்க.
நீங்க விழுறதுக்கு இது போதும்."