பருத்திச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே

மூன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.
எனக்கென்ன, என் பெட்டி கரியில் ஓடுவது.
முத்தியால்பேட்டைத் தெருவில் மின்விசிறி நின்ற வீடுகள்
ஒவ்வொன்றாய் ஆளைத் துப்பின.
எல்லோரும் நடந்து வந்தார்கள். அமலோற்பவம் ஓடி வந்தாள்,
சாக்குச் சுற்றிய ஆளுயரக் கம்போடு.

"சம்பூரணக்கா, கரி குடு. ஆறிடும்."

மருந்துக்கடையில் பில் போடுகிறவள்.
ராத்திரி மொட்டைமாடியில் வில் செதுக்குகிறாள் என்று சொல்வார்கள்,
நான் நம்பியதில்லை.
காலண்டரில் ராமர் பிடித்திருப்பது பொன்னிறம்.
இது சவுக்கு. தாழங்குடாவில்
சாரம் கட்டுகிறவனிடம் வாங்கியது.
கடல்காற்றில் முறுக்கிக்கொண்டு வளர்ந்த மரம்,
மேல்கை ஒருபக்கமாய்த் திரும்பி
நாணை நடுவில் ஓடவிடாமல்
ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டேயிருந்ததாம்.
பெயின்ட் உரிக்கிற ஹீட் கன்னால் இளக்கியிருக்கிறாள்.
பாதியில் கரண்ட்.

பெட்டியைத் திறந்து கங்கைத் தகரத்தில் கொட்டினேன்.
சூடு எனக்குத் தெரியும்.
நைலானுக்கு ஒன்று, பட்டுக்கு ஒன்று,
பருத்திக்குத் தண்ணீர் தெளித்தால் சொல்லும்.
மரத்துக்கு எவ்வளவு?
"பருத்திக்குக் கொஞ்சம் மேலே," என்றாள்.
"கருகக் கூடாது. டீ நிறம் வரலாம்."

நல்லெண்ணெய் தடவி
கங்குக்கு நாலு விரல் உயரத்தில் பிடித்தோம்.
ஒரு முழுக்கைச் சட்டை தேய்க்கிற நேரம்.
இன்னொரு சட்டை.
காலர். கைமடிப்பு.
கீழே வாங்கிய சூடு மேலே வந்து
என் கட்டைவிரலைச் சுட்டபோது
"இப்ப," என்றாள்.

கைப்பிடியை வண்டிப் பலகைகளின் இடுக்கில் செருகி
சைக்கிள் ட்யூபால் இறுக்கினோம்.
நுனியைத் திருப்பிப் பிடிக்க ஒரு கனம் வேண்டியிருந்தது.
ஏழு கிலோ பித்தளைப் பெட்டி,
இருபது வருஷமாய் எல்லாவற்றையும் தட்டையாக்கிய பெட்டி,
வேட்டிக் கிழிசலில் கட்டித் தொங்கவிட்டதும்
மெல்ல, வெட்கமில்லாமல்,
மரம் இறங்கியது.

டிக்.

அவள் மூச்சை நிறுத்தினாள். காதை மரத்தில் வைத்தாள்.
தகரத்தில் கொட்டாங்குச்சிக் கரி
இன்னொரு முறை வெடித்தது.
சிரிக்கக்கூட எங்களுக்குத் தைரியமில்லை.

கரண்ட் வந்தது. தெரு காலியானது.
சொல்தா லூர்துசாமி வந்தார்,
மருமகளின் தங்கைக்கு நிச்சயதார்த்தம்,
ஆறு மணிக்கு.
"எங்கே என் சட்டை?"
"பெட்டி வேலையா இருக்கு முசியே."
அவர் தொங்குகிற பெட்டியைப் பார்த்தார்.
அந்துப் போன கங்கைப் பார்த்தார்.
எடுக்கச் சொல்ல வாய் திறந்தார்.
அமலோற்பவம் பெட்டிக்கு முன்னால் நகர்ந்து நின்றாள்,
அவ்வளவுதான் செய்தாள்.
கசங்கிய சட்டையோடு போனார்.

நான் மடித்த மடிப்பெல்லாம்
அடுத்த வாரமே கலைந்து என்னிடம் திரும்பி வரும்.
அதில்தான் எனக்குச் சோறு.
இது அப்படியில்லை, ஆறியபின் அப்படியே நிற்கும் என்றாள்.
பிறகு நாணேற்றி இழுத்தால் வளையணும்,
விட்டால் திரும்பணும்,
ஆனால் இன்று வளைத்த வளைவு மட்டும்
திரும்பக் கூடாது.
ஒரே மரத்திடம் இரண்டையும் கேட்கிறாயே என்றேன்.
"கேட்டுப் பார்க்கிறேன்."

நாலு நாள் நாண் ஏற்றவில்லை.
சுட்ட மரம் வறண்டிருக்கும்,
வைத்திக்குப்பத்துக் காற்றைக் குடிக்கட்டும் என்று
மாடிக் கொடியில் பாவாடைகளுக்கு நடுவே
கட்டி வைத்திருந்தாள்.

ஞாயிறு. கிழிசல் திணித்த கோணி.
நாண் நடுவில் ஓடியது,
ஒரு நெல் அளவு தள்ளி.
அம்பு கோணியின் இடது காதில் குத்தியது.
"மறுபடி கங்கு போடவா?"
"வேணாம். நான் கொஞ்சம் வலப்பக்கம் நிக்கறேன்."
நின்றாள்.

திங்கள் காலை சட்டையைக் கொடுத்த லூர்துசாமி
போகாமல் நின்றார்.
"அந்தக் கம்பு நேராச்சா?"
நேராக்கலை முசியே, வளைச்சோம் என்றேன்.
ஏதோ பிரெஞ்சில் முனகினார்.
பிறகு வலது கையைக் காது வரைக்கும்
ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.