ஐந்தாவது திருகாணி

பிஷ்கெக். விடுதியின் நானூற்றுப் பதினொன்றாம் அறை.
மடிக்கணினியின் அடிவயிற்றுத் திருகாணிகளுக்கு
நகப்பூச்சு இடுகிறாள் அய்சிரேக்.
தன் நகங்களுக்கு அவள் பூசியதே இல்லை.
மினுக்குத் துகள் விழுந்த விதத்தை
ஒவ்வொன்றாகப் படமெடுத்துக்கொள்கிறாள்.
அதேபோல் மறுபடி தெளிக்கக்
கடவுளாலும் ஆகாது.

உள்ளே, தங்கச் சுரங்கத்தின் இரண்டாம் கணக்கு.
முற்றாக அணைத்துவிட்டே போகிறாள்;
உறங்கும் கணினி
தூக்கத்தில் உளறும்.
எழுப்பினால் முதலில் யாரென்று கேட்கும்.
அந்நியக் குச்சி செருகினால்
எழவே எழாது.

மாலை. பனியை உதறிக்கொண்டு வருகிறாள்.
விரிப்பில் சுருக்கமில்லை.
துண்டு அன்னமாய் மடிந்திருக்கிறது.
படத்தையும் திருகாணியையும்
மாறி மாறிப் பார்க்கிறாள்.
நான்கு சரி.
ஐந்தாவதில்
ஒரு நீலத்துகள் மட்டும்
மேற்கே நகர்ந்திருக்கிறது.

பொத்தானை அழுத்துகிறாள்.
வழக்கம்போலவே கேட்கிறது திரை:
கடவுச்சொல்?
முப்பத்தோரு எழுத்தும்
விரல்நுனிவரை வந்து
நின்றுவிடுகின்றன.

கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.
மேலங்கியை மறுபடி மாட்டுகிறாள்.

நடைவழியில் வாளியோடு புருல்:
"மத்தியானம் விளக்கைச் சரிபார்க்க
ரெண்டு பேர் வந்தாங்களே,
இப்போ நல்லா எரியுதா?"

"எரியுது."