மூன்றாம் நிமிடத்தில் ஒருத்தி

ராத்திரி பத்து மணிக்குத் தீர்த்தகிரி பேசினான்.
ஹங்கேரியில் அவன் ஊரில் இன்னும்
கொஞ்சம் வெயில் மிச்சமாம்.

கிஷ்தோ.
கிஷ் என்றால் சின்ன, தோ என்றால் ஏரி.
பேட்டரி கம்பெனி வருவதற்கு முன்
அந்த ஊர் பெயர் பக்கத்து ஊருக்கே தெரியாது என்றான்.
ஒரு மாதா கோயில், மணி பத்து நிமிடம் பிந்தி அடிக்கும்.
கரண்ட் கம்பத்து உச்சியில்
நாரை கட்டிய கூடு, கட்டில் அகலத்துக்கு.
வீட்டு முகப்பெல்லாம் சரம் சரமாய் மிளகாய்.
"எலுமிச்சம்பழத்தை மட்டும்
கோக்காம விட்டுட்டானுங்கடா."

ரொட்டிக்கடை இலோனா கேட்டாளாம்,
உன் ஊர் எப்படி இருக்கும் என்று.
போனில் தேடிக் காட்டியிருக்கிறான்.
மலை வந்தது, கோபுரம் வந்தது,
கொடியேற்றும் கலெக்டர் வந்தார்.
இது வேண்டாம், என்றாளாம்,
நீ தக்காளி வாங்கும் தெருவைக் காட்டு.

அதனால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை
ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அரூரைப் படம் பிடிக்கப் போனேன்.

எனக்கு இந்த ஊர் முகத்தால் பழக்கமில்லை.
பட்டா, சிட்டா, சாதிச் சான்று,
ஆதாரில் திருடனைப் போல் விழுந்த புகைப்படம்,
மூன்று காப்பி போடச் சொல்லிவிட்டு
அழுகிறவர்கள் தரும் இறப்புச் சான்று.
இப்படித்தான் தெரியும்.

கச்சேரிமேட்டில் தொடங்கினேன்.
மரவள்ளி லோடு லாரி, மண்ணை உதிர்த்துக்கொண்டே திரும்பியது.
மஞ்சள் நீராட்டு பேனரில்
சிறுமியைவிடப் பெரிதாய் நான்கு மாமன்கள்.
நடுரோட்டில் தூங்கிய நாயைச் சுற்றி
அரசுப் பேருந்து வளைந்து போனது,
ஓட்டுநர் நாயைத் திட்டவில்லை,
என்னைத் திட்டினார்.
தக்காளி கிலோ எட்டு ரூபாய், கூவிக் கூவிக்
குரல் கம்மிய பையன்.
அரசு மருத்துவமனை வாசல்.
பிறகு பேட்டரி தீர்ந்தது.

அனுப்பி இரண்டு நாள் சத்தமில்லை.
மூன்றாம் நாள் தீர்த்தகிரி:
"இலோனா கேக்கறா,
மூணாவது நிமிஷத்துல கை ஆட்டுதே ஒரு அம்மா,
பச்சைப் புடவை, மடியில தூக்குவாளி,
அது இப்ப நல்லா இருக்குதான்னு."

யார் கை ஆட்டியது?
என் கடைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஆமாம், ஆட்டியிருக்கிறாள்.
எனக்குத்தான். நேராக என்னைப் பார்த்து.
நான் அப்போது
மருத்துவமனைப் பெயர்ப்பலகை முழுசாய் விழுகிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் போனேன்.
அதே வேப்பமரம், அதே தூக்குவாளி.
பெயர் வெள்ளச்சி.
மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவம்,
குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.
எடை ஏறினால் விடுவார்களாம்.
தினமும் பத்து கிராம், இருபது கிராம்,
தங்கம் வாங்குகிறவள் போலச் சொன்னாள்.

"உங்களை ஒருத்தங்க விசாரிச்சாங்கம்மா."
"என்னையா? யாரு சாமி?"
"பேரு இலோனா. ரொட்டிக்கடை வச்சிருக்கு.
சின்ன ஏரின்னு ஒரு ஊரு."

"சித்தேரியா! எங்க ஊருதான்!"
சட்டென்று எழுந்து நின்றாள்.
"கடை வச்சிருக்குதா, எந்தப் பக்கம்?
யாரு ஊட்டுப் பொண்ணு அது?
நான் இங்க கெடக்கறது அதுக்கெப்படித் தெரிஞ்சுது?"

விளக்கலாம்.
வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

"ஏரிக்கு அந்தாண்டைம்மா" என்றேன்.
"கம்பத்து மேல நாரை கூடு கட்டியிருக்குமே,
அந்த வீடு."

அவள் யோசித்தாள்.
ஒவ்வொரு வீடாகப் போய்வந்தாள்.
பிறகு, ஓ என்று தலையை ஆட்டி,
"நல்லா இருக்கேன்னு சொல்லு,
புள்ள ஆயிரத்து எழுநூறு வந்துட்டுதுன்னு
மறக்காம சொல்லு" என்றாள்.